ஒன்றாம் எண் மாமரம்

எங்கள் வயலில் பம்புசெட் அறைக்கு மேற்கே ஒரு மாமரம் நிற்கிறது. நியாயமாகப் பார்த்தால் அது இன்று அங்கே இருக்கக் கூடாது. என் அப்பாவோடு சேர்ந்து எரிந்திருக்க வேண்டிய மரம் அது. அப்பா போய்விட்டார், மரம் அப்படியே நிற்கிறது. நிற்க வைத்தவள் நான்தான்.

இதை எழுதுவதற்கு மனசாட்சி, உறுத்தல் என்று பெரிய பெரிய காரணங்கள் எதுவும் சொல்லப் போவதில்லை. கோபம்தான் காரணம். போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் வேலை பார்க்கிற மரம் வளர்ப்பு நிறுவனம் விழா நடத்தியது. வாசலில் டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, உள்ளே ஏசி குளிரில் பல் கிட்டியது. மேடையில் எனக்குச் சால்வை போர்த்தி, "பூமியின் சூட்டைத் தணிக்கப் பாடுபடும் சகோதரி" என்று ஒருவர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டிவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து சால்வையை பீரோவில் வைக்கும்போது அப்பாவின் வேட்டி கையில் பட்டது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். சாரல் வருகிற வழியாகவே அங்கிருந்து சில பழக்கங்களும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. வீட்டுத் தலைவர் இறந்தால் அவருடைய சொந்த மண்ணில் நிற்கும் மாமரத்தை வெட்டி, அந்த விறகில் வைத்து எரிப்பது அதில் ஒன்று. ஊரில் எல்லோரும் செய்வதில்லை. எங்கள் குடும்பத்தில் செய்வார்கள். வெட்டிய மரத்துக்குப் பக்கத்திலேயே, பதினாறாம் நாள் மூத்த மகன் ஒரு மாங்கன்று வைக்க வேண்டும். அது அவனுக்கு. அவன் காலம் முடியும்போது அவனோடு அது போகும், அவன் மகன் இன்னொன்று வைப்பான்.

தாத்தா அப்படித்தான் எரிந்தார். அப்பா அப்போது வைத்த கன்றுதான் இந்த மரம். அவருக்கு அன்று முப்பது வயதுகூட இல்லை. போலீஸ் வேலையில் ஊர் ஊராக மாறிப்போய், ஏட்டாக ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தபோது மரம் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பெருத்திருந்தது. தன் சாவுக்கென்று நட்ட மரத்தின் நிழலில் கட்டில் போட்டு மத்தியானம் தூங்குவார். காய்த்த மாங்காயை எண்ணெயும் வற்றல்பொடியும் போட்டுத் தின்பார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

அம்மா பல வருஷங்களுக்கு முன்பே போய்விட்டாள். அவளுக்கு விறகுக்கடையிலிருந்து டிராக்டரில் சீமைக் கருவேல விறகு வந்தது. "எப்பா, நம்ம மாமரத்த வெட்டலியா?" என்று கேட்டேன். "அது எனக்குள்ளதுல்லா" என்றார் அப்பா, அழுதுகொண்டேதான் சொன்னார். அழுகையும் உண்மை, அந்தப் பதிலும் உண்மை. எனக்கு அன்று சுருக்கென்றது. பிறகு நடந்ததில் அந்தச் சுருக்குக்கும் ஒரு பங்கு உண்டோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

நான் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அங்கே மாதாமாதம் சம்பளத்துக்குத் தவம் கிடந்து அலுத்துப்போன சமயத்தில் இந்த நிறுவனம் எங்கள் பக்கம் வந்தது. விவசாயிகள் வரப்பில் மரம் நட வேண்டும், வெட்டாமல் வளர்க்க வேண்டும். அந்த மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சும் கார்பனைக் கணக்குப் பண்ணி, எங்கேயோ புகை விடுகிற கம்பெனிகளுக்கு கார்பன் கிரெடிட்டாக விற்பார்கள். அதில் ஒரு பங்கு விவசாயிக்கு வரும். கள அலுவலர் வேலைக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். கணக்கும் தெரியும், ஊரும் தெரியும் என்று என்னை எடுத்தார்கள்.

குற்றாலத்தில், ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. நல்ல சீசன் நேரம். ஜன்னலுக்கு வெளியே வேன்களும் கார்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அருவியில் குளிரக் குளிரக் குளித்துவிட்டு வந்தவர்கள் வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்ஜினை அணைக்காமல், நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே திரையில் நாடு விடுகிற புகையின் அளவைக் காட்டும் ஒரு கோடு ஓடியது. இன்றைக்கு உச்சியில் இருந்து, வளைந்து வளைந்து இறங்கி, இரண்டாயிரத்து எழுபதில் பூஜ்யத்தைத் தொட்டது. விடுகிற புகையும் திரும்ப உறிஞ்சுகிற புகையும் சரிக்குச் சரியாகி, நம் நாடு அந்த வருஷத்தில் நிகர பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்றார் பயிற்சியாளர். வளரும் நாடு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது, சிமென்ட் வேண்டும், இரும்பு வேண்டும், கரண்டு வேண்டும், காற்றாலையும் சூரியத் தகடும் போட்டது போக மிச்சம் நிற்கிற புகையை மரங்கள் வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"எந்த மரங்கள் சார்?" என்று கேட்டேன்.

"உங்க மரங்கள்தான்" என்று சிரித்தார்.

கடைசியில் ஒரு வினாடி வினா. பூமிக்கு அடியிலிருந்து வருகிற கேஸை எரிப்பதற்கும், வளர்த்த மரத்தை வெட்டி எரித்துவிட்டு அங்கே இன்னொரு மரம் நடுவதற்கும் என்ன வித்தியாசம்? நான் எழுந்து சொன்னேன். கேஸ் பூமிக்குள்ளே சும்மா கிடந்த கார்பனைப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறது. மரம் காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, அடுத்த மரம் மறுபடி எடுத்துக்கொள்கிறது, கூட்டிக் கழித்தால் பூஜ்யம். சரியான பதில். ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பாட்டிலில்தான் இன்றும் தண்ணீர் குடிக்கிறேன்.

நான் இந்த வேலையை நம்பித்தான் செய்தேன். அதையும் சொல்லியாக வேண்டும். சாரல் வரவேண்டிய நாளில் வெயில் கொளுத்துவதும், அருவி காய்ந்து கிடந்துவிட்டு ஒரே நாளில் ஆளை அடித்துக்கொண்டு போகிற மாதிரி வெள்ளம் வருவதும் நாங்கள் கண்ணால் பார்த்தது. நாற்று நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

ஒரு குழுவுக்கு நாற்பது வீடு சேர்க்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் போடுவார்கள், ஏட்டய்யா ஏமாற மாட்டார் என்று ஊரில் ஒரு எண்ணம். அதனால் முதலில் அவரிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லாம் வாக்குமூலம் கேட்பதுபோல் கேட்டார்.

"காத்துல திரியுத கார்பன மரம் புடிச்சி வச்சிக்கிடும். அப்படித்தானட்டி?"

"ஆமாப்பா."

"லாக்கப்புல வைக்க மாதிரி."

"ஆமா."

"ஜாமீன்ல வெளிய வந்துராதா?"

"வெட்டாத வரைக்கும் வராதுப்பா."

"எம்புட்டு வருசத்துக்கு?"

கோடு இரண்டாயிரத்து எழுபது வரைக்கும் போகிறது என்று சொன்னேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நானும் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டே. சாட்சியே இல்லாத கேசுல கையெழுத்துப் போடச் சொல்லுதே" என்றார். ஆனாலும் போட்டார். மகள் கேட்டாள் என்று போட்டார். அடுத்த வாரத்துக்குள் நாற்பது வீடும் சேர்ந்துவிட்டது.

வரப்பு நெடுக மலைவேம்பும் தேக்கும் மகோகனியும் நட்டோம். கன்றுகள் வேர் பிடித்ததும் ஒரு பெட்டி நிறைய அலுமினியத் தகடு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு எண். கன்றுக்கு ஒரு தகட்டைக் கம்பியில் கட்டி, உரிமையாளரைப் பக்கத்தில் நிற்க வைத்து, போனில் உள்ள செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். முதல் நாள் எங்கள் வயலில்தான் தொடங்கினேன். ஒன்றாம் எண் தகட்டை எடுத்துக்கொண்டு ஒரு தேக்கங்கன்றிடம் போனேன்.

"ஏட்டி, நில்லு" என்றார் அப்பா. "தேக்குல எவளாவது தொடங்குவாளா? மொதத் தகட்ட மாமரத்துல கெட்டு. மங்களமா இருக்கும்."

எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் இப்படித்தான். கம்ப்யூட்டர் வாங்கினால் அதற்குக் குங்குமம், புது பைக்குக்கு எலுமிச்சம்பழம். நல்ல காரியத்துக்கு வாசலில் மாவிலை கட்டாமல் முடியாது. பழைய மரத்துக்கும் எங்கள் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றவே இல்லை. அப்பா தகட்டைத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துக் கொடுத்தார். கட்டினேன். சூடம் காட்டினார். பிறகு மரத்தில் ஒரு கையை வைத்து, அணிவகுப்பில் நிற்பதுபோல விறைப்பாக நின்றார். படம் எடுத்தேன்.

செயலியில் "நட்ட வருஷம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா கன்று வைத்த வருஷத்தைப் போட்டேன். ஏற்கவில்லை. இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், சிவப்பில் எரிந்தது. நாற்பது வீடு காத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது. நடப்பு வருஷத்தையே போட்டேன். பச்சை விழுந்தது. முதல் மரமே பச்சை என்று அப்பாவுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

மூன்று வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, மூச்சுக்கு முட்டியது. நான் தென்காசியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்து அவரோடு தங்கினேன். அண்ணன் ராணுவத்தில், வடக்கே எல்லைப் பக்கம் இருந்தான். படுத்திருந்த இரண்டு மாதமும் அப்பாவுக்கு வேறு கவலை இல்லை. மகனுக்கு என்ன எழுதி வைப்பது, மகளுக்கு என்ன என்பதெல்லாம் முடிந்த கதை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஏட்டி, நான் போவும்போது உன் தகடு வழிய மறிக்காதுல்லா?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்ப்பா. நீங்க பேசாமப் படுங்க."

பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். பார்த்துக்கொண்டேனா என்றால், இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், அது பழைய மரமாயிற்றே, நட்ட வருஷம் ஏன் தப்பாக இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார். என்னை நிரந்தரமாக்கும் பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி அப்பா போனார். நல்ல சாரல். அடுத்த திங்கள்கிழமை தணிக்கைக்கு ஆள் வருவதாக எங்களுக்குத் தகவல் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெளியூர்த் தணிக்கையாளர், தகடு தகடாகப் பார்ப்பார், ஏதாவது குழுவில் தில்லுமுல்லு தெரிந்தால் அந்தக் குழுவையே தள்ளிவிடுவார் என்று எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

அண்ணன் விமானத்தில் திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து காரில் வர வேண்டும். அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலையில் கரண்டு போனது, ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். அது கக்கிய புகையில் ஒப்பாரி வைத்தவர்களே இருமினார்கள். கிழக்கே பார்த்தால் காற்றாலைகள் வரிசையாக விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. யாருக்காகச் சுற்றின என்று எனக்குத் தெரியாது.

மரம் வெட்டுகிறவர் மிஷின் ரம்பத்தோடு வயலில் வந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஏட்டய்யா போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும், என்ன வேலை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தகட்டைக் காட்டி, "இத என்னம்மா செய்ய? கழத்திருவமா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பம்புசெட் அறைக்குப் பின்னால் போய் மேலாளரைக் கூப்பிட்டேன்.

என்ன கேட்டேன் என்பது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. "சார், தகடு போட்ட மரம் ஒண்ண வெட்ட வேண்டியிருந்தா வெட்டலாமா?"

"தகடு போட்ட மரமா? தொடவே கூடாதுங்க. திங்கக்கிழமை ஆடிட்ட வச்சுக்கிட்டு என்னங்க கேள்வி இது?"

"சரி சார்" என்று வைத்துவிட்டேன். அது பழைய மாமரம் என்று சொல்லவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்றுகூடச் சொல்லவில்லை. முடியாது என்ற பதில்தான் வரும் என்று தெரிந்தே, முடியாது என்று சொல்வதற்கு வசதியாகக் கேள்வியைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

அண்ணன் வர வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. செங்கோட்டையிலிருந்து இந்தப் பக்கம் வர, குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளில் சிக்கி இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறான். காரின் பின் சீட்டில் ஒரு மாங்கன்று இருந்தது, கறுப்பு பாக்கெட்டில், நாலு இலையோடு. வழியில் நர்சரியில் இறங்கி வாங்கியிருக்கிறான். பதினாறாம் நாளுக்கு. அழுது முடித்ததும் நேரே வயலுக்குப் போனான். மரம் நிற்பதையும், ரம்பக்காரர் பீடி குடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன் இன்னும் வெட்டல?"

சொன்னேன். தகடு, தணிக்கை, நாற்பது வீடு. ஒரு மரம் குறைந்தால் மொத்தக் குழுவும் போய்விடும், மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்கள் வயிற்றில் அடித்ததாகும் என்றேன். பக்கத்து வயல் அண்ணாச்சி, முதல் ஆளாக அப்பாவுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டவர், அங்கேதான் நின்றார். "ஏட்டய்யாவுக்குப் பொறவுதானய்யா நமக்கு எல்லாம். வெட்டுங்க, வாரது வரட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் என்னை இன்னும் குத்துகிறது. அந்த நாற்பது வீட்டிலும் போய்க் கேட்டிருந்தால் எல்லோரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அண்ணன் தகட்டைக் கையில் பிடித்துப் பார்த்தான். குங்குமம் மழையில் கரைந்து போயிருந்தது. "அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதானட்டி" என்றான். தகட்டை விட்டுவிட்டு, "அப்பா இருந்தா என்ன சொல்லிருப்பாரு?" என்றான்.

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். யோசித்துச் சொன்னது கிடையாது, வாயில் தானாக வந்தது. "அப்பாட்ட கேட்டேண்ணே. போன வாரம் கேட்டேன். நாப்பது வீட்டுக்கு நல்லதுன்னா மரம் நிக்கட்டும், என்னைய கேஸ் மேடையில வச்சிருங்கன்னுட்டாரு."

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "அப்பா சொல்லுவாரு" என்றான். "சொல்லக்கூடிய ஆளுதான்." ரம்பக்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தான்.

அப்பாவை வண்டியில் ஏற்றி, எரிவாயு தகன மேடைக்குக் கொண்டுபோனோம். பொம்பளைகள் போவதில்லை என்றாலும் நான் போனேன், யாரும் தடுக்கவில்லை. சுத்தமான இடம், டைல்ஸ் போட்டிருந்தார்கள், வேலையாட்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு மூடியதும் உள்ளே கேஸ் சீறிக்கொண்டு பற்றியது. எனக்கு வினாடி வினா ஞாபகம் வந்தது. பூமிக்கு அடியில் கிடந்ததை எடுத்துப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறது. சரியான பதில். கையில் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. தாத்தாவுக்கு ஒரு மரம், அப்பாவுக்கு ஒரு மரம், வெட்டிய இடத்தில் நட்ட மரம் என்று எங்கள் வீட்டில் எவ்வளவோ காலமாக நிகர பூஜ்யம் நடந்துகொண்டிருந்தது. யாரும் எங்களுக்குச் சால்வை போர்த்தவில்லை. அதை நிறுத்தியதற்குத்தான் எனக்குச் சால்வை.

வெள்ளிக்கிழமை சாம்பலைச் சிற்றாற்றில் கரைத்தோம். அண்ணனுக்குப் பதினாறு வரைக்கும் லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமையே கிளம்ப வேண்டியிருந்தது. போகும் முன் மாங்கன்றைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனான். மரம் வெட்டினால்தானே பக்கத்தில் கன்று வைக்க வேண்டும். வெட்டாத மரத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா, வைத்தால் அது யாருக்கு, அப்பா மரம் யாருக்கு என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பம்புசெட் அறை ஓரத்தில் பாக்கெட்டோடு வைத்துவிட்டு, "அடுத்த லீவுக்கு வந்து யோசிப்போம், தண்ணி ஊத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கள்கிழமை தணிக்கையாளர் வந்தார். டெல்லிப் பக்கத்துப் பெண், என்னைவிட வயதில் சின்னவள். சாரலுக்குக் குடையோடு சேற்றில் இறங்கி, ஒரு சுளிப்பும் இல்லாமல் வரப்பு வரப்பாக நடந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பதில்களை எல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவள் போனில் ஒன்றாம் எண் என்று பார்த்து, நிமிர்ந்து மாமரத்தைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

"இது புதிதாக நட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள், சிரித்துக்கொண்டே.

இல்லை என்றேன். பழைய மரம், தவறுதலாகத் தகடு கட்டிவிட்டேன் என்றேன்.

"பரவாயில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான்" என்றாள். "பழைய மரங்கள் எங்கள் கணக்கிலேயே வராது. புதிதாக நட்டது மட்டும்தான். இதை நீங்கள் வைத்திருந்தாலும் சரி, வெட்டினாலும் சரி, எங்களுக்கு ஒன்றுதான்." செயலியில் ஒரு இடத்தைத் தொட்டாள். ஒன்றாம் எண் போய்விட்டது, அதோடு அப்பாவின் படமும் போய்விட்டது. அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு அழகான மரம்" என்றாள்.

அவள் போன பிறகு அந்தக் கம்பியை அவிழ்த்தேன். மரத்தில் அது பதிந்து போயிருந்தது, சுலபத்தில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் கையைக் கிழித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாலே நாள். அப்பாவை நாலு நாளைக்கு முன்னால் அந்த மரத்தில் வைத்திருக்கலாம், உலகத்தில் எந்தக் கணக்கிலும் ஒரு புள்ளி குறைந்திருக்காது.

எங்கள் குழு தேறியது. எனக்கு வேலை நிரந்தரமானது. மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தானே, கொஞ்ச நாள் ஊற்றினேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவே மனசு வரவில்லை. பாக்கெட்டுக்குள்ளேயே அது காய்ந்துபோனது. அண்ணனுக்கென்று இப்போது மரம் கிடையாது.

அவன் வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். எடுத்ததும் முதல் கேள்வி, "மரம் நல்லா நிக்குதாட்டி?" என்பதுதான். அங்கே தன் கூட்டாளிகளிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். நாற்பது வீட்டுக்காகவும் நாட்டுக்காகவும் எங்கள் அப்பா தன் சிதையையே விட்டுக்கொடுத்தார் என்று. அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை வரும். எனக்குக் காது கூசும்.

"நல்லா நிக்குதுண்ணே" என்பேன். "இந்த வருசம் காய்ப்பு அதிகம்."